பழைய ஃபோர்டு எகோனோலைனில் க்ரூஸ் கண்ட்ரோல் பிடிக்கவே மாட்டேன் என்கிறது: சர்வோ வாங்கணுமா?

கொங்கு_வேன்

வண்டி 2000 மாடல் இ-350, 5.4 லிட்டர் பெட்ரோல், 15 சீட்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்டீயரிங்கில் க்ரூஸ் (வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி) ஆன் அழுத்தி, 60 மைல் வேகத்தில் செட் அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஸ்பீடோமீட்டர் சரியாக ஓடுகிறது, ஏர்பேக் விளக்கு எரியவில்லை. பட்டறையில் பார்த்துவிட்டு, "சர்வோ போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஓம்_விதி

சர்வோ வாங்காதீங்க. இந்த வண்டிகளில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பாகம் அது. ஆனால் முதலில் மாற்றப்படுவதும் அதுதான்.

1992 மாடலில் எகோனோலைன் புது வடிவத்துக்கு வந்த பிறகு, பெட்ரோல் வண்டிகளில் வாக்குவத்தால் (காற்று உறிஞ்சலால்) இழுக்கும் பழைய சமாச்சாரம் போய்விட்டது. மோட்டாரும் அதன் மூளையும் ஒரே டப்பாவில் இருக்கும், சர்வோ என்பது அதுதான். அதிலிருந்து ஒரு கேபிள் த்ராட்டிலுக்கு (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறக்கும் தட்டு) போகும், 10 பின் கப்ளர் (வயர் இணைப்பான்) ஒன்று உள்ளே வரும். அந்தக் கப்ளரில் கரண்ட், எர்த், ஸ்டீயரிங் பட்டன், வேக சிக்னல், பிரேக் சிக்னல், பிரேக் பிரஷர் சுவிட்ச் எல்லாம் சரியாக வந்தால்தான் சர்வோ கேபிளை இழுக்கும். ஒன்று குறைந்தாலும் கம்மென்று உட்கார்ந்துவிடும். விளக்கும் எரியாது, சத்தமும் வராது. அதனால்தான் எல்லோருக்கும் "சர்வோ போச்சு" என்று தோன்றுகிறது.

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம்:

ஹாரன் அடிக்கிறதா? க்ரூஸின் ஆன் பட்டனுக்குக் கரண்ட் வருவது ஹாரன் சர்க்யூட்டிலிருந்து. ஹாரன் ஃப்யூஸ் போயிருந்தால் க்ரூஸும் போச்சு. ஹாரன் அடித்தால் அந்த ஃப்யூஸும், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் க்ளாக் ஸ்பிரிங்கில் அந்த ஒரு வயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

பிரேக் லைட் மூன்றும் எரிகிறதா? மேலே இருக்கும் மூன்றாவது விளக்கையும் சேர்த்துப் பாருங்க.

க்ரூஸ் ஃப்யூஸ் சரியா? எந்த நம்பர் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். ஃப்யூஸ் பெட்டி மூடியையோ ஓனர் மேனுவலையோ பார்த்துக்கொள்ளுங்க.

ஸ்காபரோ_வான்

மீட்டர் பிடிக்க முதல் ஒரு விசயம். உங்கட வானில பிரேக் பிரஷர் சுவிட்ச் றீகோல் (கொம்பனி திருப்பிக் கூப்பிட்டுத் திருத்திறது) வேலை செய்தாச்சோ எண்டு பாத்தனீங்களோ? இது க்ரூஸ் வேலை செய்யிறதை விடப் பெரிய பிரச்சினை.

அந்தச் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரிலயோ, அதிலயிருந்து போற பிரேக் பைப்பிலயோ திருகியிருக்கும், ரெண்டு வயர். பிரேக்கைப் பலமா மிதிச்சா பிரஷரில திறந்து க்ரூஸைக் கட் பண்ணும். ஒரு பக்கம் பிரேக் ஒயில், மற்றப் பக்கம் கரண்ட், நடுவில மெல்லிய கப்டன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) சவ்வு மட்டும்தான். வருசம் போகப் போகச் சவ்வு வெடிச்சு ஒயில் கசிஞ்சு உள்ளுக்குப் போகும், தொடுப்பு அரிக்கும், பிறகு சூடாகி நெருப்புப் பிடிக்கும். சாவி ஓஃப்பில இருந்தாலும் அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் நிண்டுகொண்டே இருக்கும். நிப்பாட்டி வச்ச வாகனங்கள் எரிஞ்சது அதாலதான். 2005இலயிருந்து 2009 வரைக்கும் கட்டம் கட்டமா ஃபோர்ட் றீகோல் செய்தது, எல்லாமாச் சேத்து 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல வாகனங்கள். 1992இலயிருந்து 2003 வரைக்குமான எகோனோலைனும் அதுக்குள்ள அடங்கும்.

திருத்த வேலை எண்டது ஃப்யூஸ் வச்ச ஒரு சின்ன வயர்த் துண்டை இடையில போடுறது. பாட்ஸ் வாற வரைக்கும் சில இடங்களில கப்ளரைக் கழட்டி மட்டும் விட்டவை. பழைய சொந்தக்காரர் திரும்பப் போகாட்டி அது இண்டைக்கும் கழண்டபடிதான் கிடக்கும். அப்பிடியெண்டா க்ரூஸ் வேலை செய்யாது, ஆனா ஒண்டும் பழுதில்லை.

ஃபோர்ட் டீலரிட்ட வின் நம்பரை (வாகன அடையாள இலக்கம்) குடுத்துக் கேட்டா றீகோல் மிச்சம் இருக்கோ எண்டு சொல்லுவினம். பிறகு பொனட்டைத் திறந்து சுவிட்ச் கப்ளரைக் கழட்டிப் பாருங்கோ. உள்ளுக்கு ஈரமோ, மண்ணிறப் படிவோ, பிளாஸ்டிக் உருகின அடையாளமோ இருந்தா திரும்பக் கொழுவ வேண்டாம். புதுச் சுவிட்ச் போடும் வரைக்கும் வானை வீட்டோட ஒட்டின கராஜுக்குள்ள விடவும் வேண்டாம்.

கொங்கு_வேன்

ஹாரன் அடிக்கிறது. மூன்று பிரேக் லைட்டும் பளிச்சென்று எரிகின்றன. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. டீலரிடம் வின் நம்பரைக் கொடுத்துக் கேட்டதில் பாக்கி ஒன்றும் இல்லை; ஃப்யூஸ் வைத்த வயர்த் துண்டும் கண்ணில் படுகிறது. சுவிட்ச் கப்ளர் உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்கிறது. அடுத்து?

ஓம்_விதி

அடுத்து சர்வோ கப்ளர். ஆக்சிலரேட்டர் கேபிளோடு சேர்ந்து த்ராட்டிலில் போய் மாட்டும் இரண்டாவது கேபிளைப் பின்தொடர்ந்தால் சர்வோவிடம் கொண்டுபோய் விடும். கப்ளரைக் கழற்றி வயர் பக்கம் இருக்கும் முனையில் அளக்கவும். பின் நம்பர் பிளாஸ்டிக்கிலேயே பொடியாக அச்சடித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க. கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எண்ணிவிட்டு "எல்லாமே தப்பா வருது" என்று எழுதுபவர்கள் அதிகம். மீட்டர் முள்ளைப் பின்னுக்குள் திணிக்காதீங்க. முள் நுழையும் குழிப் பின் அகன்றுவிட்டால் இல்லாத லூஸ் காண்டாக்டை நீங்களே உண்டாக்கினதாகும்.

பின் 10: எர்த். பேட்டரி மைனஸுக்கு 1 ஓமுக்குள் வர வேண்டும்.

பின் 7: சாவி ஆனில் 12 வோல்ட்.

பின் 9: பிரஷர் சுவிட்சிலிருந்து வருவது. பிரேக் மிதிக்காதபோது 12 வோல்ட். பெடலை நன்றாக அழுத்தி மிதித்தால் பூஜ்யம். லேசாகத் தொட்டால் மாறாது, அது சரிதான். இங்கே எப்போதுமே பூஜ்யம் என்றால் சுவிட்ச் கழன்றிருக்கிறது, அல்லது அந்த வயர்த் துண்டில் இருக்கும் ஃப்யூஸ் போயிருக்கிறது. அந்த ஃப்யூஸ் போயிருந்தால் பெரிய ஃப்யூஸ் போட்டு ஒப்பேற்றாதீங்க. சுவிட்ச் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், அது எரியாமல் காப்பாற்றத்தான் அந்த ஃப்யூஸ் தன்னைக் கொடுத்திருக்கிறது.

பின் 5, பின் 6: ஸ்டீயரிங் பட்டன்கள். சாவி ஆனில் வைத்து, ஆன் பட்டனைப் பிடித்துக்கொண்டால் பின் 5-இல் பேட்டரி வோல்ட் வர வேண்டும். பிறகு சாவி ஆஃப், மீட்டரை ஓமில் வைத்து 5-க்கும் 6-க்கும் நடுவே: ஆஃப் பட்டனுக்கு 4 ஓமுக்குக் கீழே, கோஸ்டுக்கு (வேகம் குறைக்கும் பட்டன்) 114 முதல் 126, செட்டுக்கு 646 முதல் 714, ரெஸ்யூமுக்கு (பழைய வேகத்துக்குத் திரும்பும் பட்டன்) 2090 முதல் 2310. ஒவ்வொரு பட்டனையும் பிடித்தபடி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்க. ரீடிங் தாவினால் க்ளாக் ஸ்பிரிங். தாவாமல் எல்லாமே 40, 50 ஓம் கூடுதலாக நின்றால் பட்டன் காண்டாக்டில் அழுக்கு.

பட்டனைக் கழற்ற ஏர்பேக்கை எடுக்க வேண்டி வந்தால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்க. ஏர்பேக் வயரில் ஓம் மீட்டர் வைக்கவே கூடாது. மீட்டரின் சின்ன கரண்டே அதை வெடிக்க வைக்கலாம்.

பின் 4: பிரேக் லைட் சிக்னல். மிதிக்காதபோது 0, மிதித்தால் 12. இதோடு நிறுத்தாமல், பெடலை விட்ட நிலையில் பின் 4-க்கும் எர்த்துக்கும் நடுவே ஓமும் பாருங்க. பல பேர் விட்டுவிடுவது இந்த ஒரு அளவைத்தான்.

பின் 3: வேக சிக்னல். ஸ்பீடோமீட்டர் முள் ஆடாமல் ஓடினால் இதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பழைய_பானட்

இவ்வளவும் அளக்கும் முன் சர்வோவே சொல்லும் ஒரு வழி உண்டு. மீட்டர் போர்டில் க்ரூஸ் விளக்கு இருந்தால் மட்டும் உதவும்.

என்ஜின் ஓடக் கூடாது. ஓடும் என்ஜினில் செய்தால் த்ராட்டிலை இழுத்து என்ஜினை அலற விடும். ஆஃப் பட்டனைப் பிடித்துக்கொண்டு சாவியை ஆனுக்குத் திருப்புங்க. விளக்கு ஒரு முறை மின்னினால் டெஸ்ட் ஆரம்பித்துவிட்டது. அதோடு மேலும் ஐந்து மின்னினால்தான் சர்வோ உண்மையாகவே போயிருக்கிறது. இல்லையென்றால் ஆஃபை விட்டுவிட்டு ஆன், ரெஸ்யூம், கோஸ்ட், செட் என்ற வரிசையில் அழுத்துங்க. ஒவ்வொன்றுக்கும் விளக்கு மின்னும், அணைந்த கையோடு அடுத்ததை அழுத்த வேண்டும். தாமதித்தால் டெஸ்ட் முடிந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

கடைசியில் ஒரே மின்னல் என்றால் எல்லாம் சரி. இரண்டு என்றால் பிரேக் லைட் சர்க்யூட். மூன்று என்றால் பிரஷர் சுவிட்ச். நான்கு என்றால் வேக சிக்னல். இது முடிந்ததும் சர்வோ தானாகவே த்ராட்டிலை 1 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை இழுத்து விட்டுக் காட்டும். ஒருவரை பானட் பக்கம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்க. கேபிள் சிக்காமல் திரும்பி வர வேண்டும்.

7.3 பவர் ஸ்ட்ரோக் டீசல் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுங்க. அதில் த்ராட்டில் கேபிளும் இல்லை, இந்த சர்வோவும் இல்லை. க்ரூஸ் வேலையை என்ஜின் கம்ப்யூட்டரே பார்க்கிறது.

கொங்கு_வேன்

என் மீட்டர் போர்டில் அந்த விளக்கு இல்லை, அதனால் அளந்தே பார்த்தேன்.

10: 0.3 ஓம். 7: 12.5 வோல்ட். 9: 12.5, அழுத்தி மிதித்தால் 0. 5-இல் ஆன் பட்டனுக்கு 12.4. ஓம் வரிசை: ஆஃப் 0.9, கோஸ்ட் 121, செட் 688, ரெஸ்யூம் 2230. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மாறவில்லை. 4: மிதித்தால் 12.3, விட்டால் 0.

பின் 4-இல் ஓம் மட்டும் விநோதமாக இருக்கிறது. ஒரு இடத்தில் நிற்காமல் கிலோ ஓம் கணக்கில் காட்டுகிறது.

ஓம்_விதி

பின்னால் இருப்பது எல்இடி பல்பா?

கொங்கு_வேன்

ஆமாம், மூன்றுமே. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஓம்_விதி

அதுதான் குற்றவாளி. சர்வோ நல்ல நிலையில் இருக்கிறது.

பெடலை மிதிக்காதபோது பின் 4 வயர் எங்கேயும் நேராக எர்த்துக்குப் போகவில்லை. பிரேக் பல்புக்குள் இருக்கும் இழை வழியாகத்தான் எர்த்தைத் தொடுகிறது. குளிர்ந்த இழை ஏறக்குறைய அரை ஓம், கிட்டத்தட்ட நேரடி எர்த் மாதிரி. சர்வோ அந்த எர்த்தைத் தேடும். கிடைத்தால் "வயர் முழுசா இருக்கு, பல்பு இருக்கு, பெடல் மேலே இருக்கு" என்று எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், வயர் அறுந்திருக்கலாம், நாளைக்கு ஓட்டுநர் பிரேக் அடித்தாலும் எனக்குத் தெரியாமல் போகலாம் என்று செட்டை ஏற்க மறுத்துவிடும். பழைய ஆட்கள் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். எல்இடிக்குள் இழை கிடையாது, அதனால் பளிச்சென்று எரியும் விளக்கே சர்வோ கண்ணுக்கு அறுந்த வயராகத் தெரிகிறது. எல்லாப் பல்பும் ஃபியூஸ் போன வண்டியிலும் இதே கதைதான்.

சரி செய்ய மூன்று வழி, எனக்குப் பிடித்த வரிசையில்:

முதலாவது, மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டில் மட்டும் பழைய இழை பல்பைத் திரும்பப் போடுவது. அதற்கு வயர் பிரேக் சுவிட்சிலிருந்து நேராகப் போகிறது. கீழே இருக்கும் இரண்டும் இண்டிகேட்டரோடு சேர்ந்த பல்பு என்பதால் இண்டிகேட்டர் சுவிட்சைச் சுற்றித்தான் வருகின்றன. ஒரு பல்பு விலையில் வேலை முடியும்.

இரண்டாவது, 5 பின் ரிலே (கரண்ட் கொடுத்தால் மாறும் சுவிட்ச்). பின் 4-க்குப் போகும் வயரை வெட்டி, சர்வோ பக்கத் துண்டை ரிலேயின் 30-ஆம் நம்பர் பின்னில் கொடுங்க. 87ஏ எர்த்துக்கு. 87 ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட்டுக்கு. 85 எர்த், 86-க்கு பிரேக் சுவிட்ச் பக்கத் துண்டு. பெடல் விட்டிருந்தால் சர்வோவுக்கு எர்த், மிதித்தால் 12 வோல்ட். எல்லா விளக்கும் எல்இடியாகவே இருக்கலாம். ஒரு குறை: ரிலே காயில் என்றைக்காவது எரிந்தால் சர்வோ எப்போதும் எர்த்தையே பார்த்துக்கொண்டிருக்கும், லேசான பிரேக்குக்கு விடாது. பிரஷர் சுவிட்ச் மட்டும்தான் துணை.

மூன்றாவது, 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை பிரேக் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே போடுவது. பிரேக் மிதித்திருக்கும் நேரமெல்லாம் 2 ஆம்பியருக்கு மேல் அதில் ஓடும், 30 வாட் சூடு. சிக்னலில் நின்றால் கை வைக்க முடியாது. தகரத்தில் போல்ட் போட்டுப் பொருத்தணும். பிளாஸ்டிக் ட்ரிம் பின்னால் டேப் சுற்றி விட்டு வைத்த வேலைகளை இணையத்தில் படமாகப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி வேண்டாம்.

குறுக்குவழி_77

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு? பின் 4 வயரை வெட்டி நேரா எர்த்ல கொடுத்தா முடிஞ்சுது. க்ரூஸ் பிடிக்கும்.

ஓம்_விதி

பிடிக்கும். பிரேக்கைத் தொட்டால் விடாது, அதுதான் விஷயம். மழையில் லேசாக பெடலைத் தொடும்போது பிரஷர் சுவிட்ச் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது. நீங்கள் பிரேக் போட, சர்வோ வேகம் குறைகிறதே என்று த்ராட்டிலை இன்னும் இழுக்கும். 15 பேர் உட்காரும் வண்டி. வயரை வெட்டாமலே எர்த்தில் கொடுத்தால் அதைவிட மோசம்: முதல் முறை பிரேக் மிதித்ததும் பிரேக் லைட் ஃப்யூஸ் போய்விடும்.

ஸ்காபரோ_வான்

பிரஷர் சுவிட்சின்ர ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிப்போட்டு ஓடுற ஆக்களுக்கும் இதே பதில்தான். நிப்பாட்டி வச்சுச் சோதிக்க மட்டும் செய்யலாம், றோட்டில வேண்டாம்.

கொங்கு_வேன்

மேல் விளக்கில் இழை பல்பு போட்டாயிற்று. பின் 4 இப்போது எர்த்துக்கு 0.8 ஓம். 60-இல் செட் அழுத்தியதும் பிடித்தது. ரெஸ்யூம், கோஸ்ட் எல்லாம் வேலை செய்கின்றன. பிரேக்கை லேசாகத் தொட்டால் விடுகிறது.

இரண்டு சில்லறைக் குறை பாக்கி. ஒன்று, சமதரையிலேயே வேகம் இரண்டு மூன்று மைல் ஏறி இறங்குகிறது. இரண்டு, பாலத்து இணைப்பு மாதிரி ஒரு குலுக்கல் வந்தால் சில சமயம் தானாகவே விட்டுவிடுகிறது.

ஸ்காபரோ_வான்

ரெண்டாவதை முதல் பாப்பம். பிரேக் லைட் சுவிட்ச் பெடல் கையில ஒரு ஊசியில கொழுவியிருக்கும், மாஸ்டர் சிலிண்டருக்குப் போற தண்டும் அதே ஊசியிலதான். நடுவில நைலோன் புஷ் இருக்கு. அது தேஞ்சா சுவிட்ச் ஆடும். குலுக்கலில ஒரு கணம் பிரேக் லைட் மின்னும், க்ரூஸுக்கு அது போதும். இருட்டினாப்பிறகு வானைச் சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிப்பாட்டிப்போட்டு, பெடலை மிதிக்காமல் பக்கவாட்டில கையால ஆட்டிப் பாருங்கோ. சுவரில சிவப்பு மின்னினா புஷ்தான். சுவிட்சையும் புஷ்ஸையும் சேத்து மாத்துங்கோ. கழட்டேக்க எந்தப் புஷ், எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது எண்டு ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. மாறிப் போட்டா பிரேக் லைட் நிண்டு எரியும்.

ஓம்_விதி

ஏறி இறங்குவதற்கு இரண்டு காரணம் பார்க்கணும். முதலில் கேபிள். என்ஜின் ஆஃபில் த்ராட்டில் பக்கம் க்ரூஸ் கேபிளை விரலால் இழுத்துப் பாருங்க. மிகக் கொஞ்சம் தளர்ச்சி இருக்கணும், தொங்கக் கூடாது. அதிகம் தளர்ந்திருந்தால் சர்வோ முதலில் வெறும் தளர்ச்சியைச் சுருட்டும், பிறகு திடீரென்று த்ராட்டிலைப் பிடுங்கும், வேகம் தாண்டும், விடும், மறுபடி சுருட்டும். உங்கள் வண்டியில் நடப்பது இந்த மாதிரிதான் தெரிகிறது. முழுக்க இறுக்கினால் ஐடிலிங் ஏறிவிடும், அதுவும் தப்பு. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கவ்வி விரிந்திருந்தால் எத்தனை முறை சரி செய்தாலும் தளரும்.

கேபிள் சரி என்றால் வேக சிக்னல். இந்த வண்டிகளில் வேகத்தைப் படிக்கும் சென்சார் பின்பக்க ஆக்ஸில் உருண்டையின் (டிஃபரென்ஷியல்) மேலே ஒற்றை போல்ட்டில் இருக்கும். காந்த முனை என்பதால் கியர் தேய்ந்த இரும்புத் தூள் அதில் மீசை மாதிரி ஒட்டும், சிக்னல் நடுங்கும். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்றுங்க, உள்ளே விழுந்தால் ஆக்ஸிலுக்குக் கேடு. துணியால் துடைத்து, ஓ-ரிங்கில் சொட்டு ஆயில் தடவி மாட்டினால் போதும். அளந்தே பார்க்கணும் என்றால், பின் 3-இல் மீட்டரை ஹெர்ட்ஸில் வைத்துப் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வையுங்க. மைலுக்கு 8000 துடிப்பு என்ற கணக்கில் 30 மைல் வேகத்துக்குச் சுமார் 67, 60-க்குச் சுமார் 133 வர வேண்டும். நிதானமாக நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

மலை ஏற்றத்தில் விட்டுவிடுவதைப் பழுது என்று நினைக்காதீங்க. செட் செய்ததைவிட 10 மைல் கீழே இறங்கினால் அது தானாகவே விடும். 30 மைலுக்குக் கீழே பிடிக்கவும் பிடிக்காது.

கொங்கு_வேன்

கேபிள் கவ்விதான். நடுவிரல் நுழையும் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கேபிள் போட்ட பிறகு 65-இல் முள் நகரவில்லை. சுவரில் சிவப்பும் மின்னியது, புஷ்ஷுக்கும் சுவிட்சுக்கும் சொல்லியிருக்கிறேன்.

சிவப்பு_இ150

1990 இ-150 வைத்திருக்கிறேன். இதே பின் நம்பர்களை என் வண்டியில் பார்க்கலாமா? கப்ளரே வேறு மாதிரி இருக்கிறது.

பழைய_பானட்

பார்க்கக் கூடாது. உங்களுடையது வாக்குவம் சர்வோ, மூளை தனியாக டேஷ்போர்டுக்குக் கீழே. பிரேக் லைட் பல்பும் ஹாரனும் முதலில் பார்க்க வேண்டியவை என்பது மட்டும் பொது. அதன் பிறகு ஹோஸ். சர்வோவுக்கு வரும் ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிரேக் பெடல் கையை ஒட்டி ஒரு டம்ப் வால்வு இருக்கும். பெடல் விட்ட நிலையில் கை பம்பால் வாக்குவம் கொடுத்தால் நிற்க வேண்டும், தொட்டதும் புஸ்ஸென்று விட வேண்டும். நிற்காவிட்டால் வால்வைப் பெடலை நோக்கித் தள்ளி வைத்தாலே பாதி வண்டி சரியாகும். சர்வோ காயில்களில் வாக்குவம் பக்கம் 40 முதல் 125 ஓம், வென்ட் பக்கம் 60 முதல் 190 ஓம். இந்த அளவுக்குள் இருந்து, ஹோஸும் வால்வும் பிடித்து நின்றால் மூளை டப்பாவைத் திறந்து சால்டர் வெடிப்பு பாருங்க. மேலே வேண்டுமென்றால் தனிப் பதிவாகப் போடுங்க, வயர் நிறத்தோடு எழுதுகிறேன்.